டயல் நூல் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. அம்மாவுக்கு 74 வயது, இரண்டு வருடமாகக் காது மந்தம். காது மெஷின் வாங்கப் போன இடத்தில் இரண்டு மாதிரி காட்டினார்கள். ஒன்று சாதாரணமானது. காதுக்குப் பின்னால் மாட்டுவது, அதிலேயே பட்டன் இருக்கிறது. இன்னொன்று ஏஐ உள்ளது. சத்தம் கூட்டுவது குறைப்பது எல்லாம் செல்போன் செயலியில்தான். விலை மூன்று மடங்கு. பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கும் தம்பி இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும் என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ‘நீ ஒரு பழைய பஞ்சாங்கம்’ என்கிறான். டெக்னாலஜி தெரியாத நான் இதில் சந்தேகப்படுவது தப்பா? ஏஐ நம் பிள்ளைகளின் வேலையைப் பிடுங்கிவிடும் என்கிறார்களே, அது உண்மையா? செல்போன் டவரால் சிட்டுக்குருவிகள் அழிந்தது பற்றிய வீடியோ ஒன்றையும் இணைத்திருக்கிறேன்.

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

சிட்டுக்குருவியை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஓட்டு வீடுகள் போய்க் கூடு கட்ட இடுக்கு இல்லாமல் ஆனதையும், குஞ்சுக்குக் கொடுக்கப் புழு கிடைக்காததையும் பேசாமல் டவரைக் கை காட்டுவது சுலபம். இப்படி ஆதாரமில்லாததை எல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தால், நீங்கள் நியாயமாக ஒன்றைச் சந்தேகப்படும்போதும் தம்பி காது கொடுக்க மாட்டான். பிள்ளைகளின் வேலை பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

‘டெக்னாலஜி தெரியாத நான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மாடு வாங்கப் போகிறவன் கால்நடை மருத்துவம் படித்துவிட்டா போகிறான்? பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், விற்பவன் ஏன் விற்கிறான் என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறான். உங்கள் பணம், உங்கள் அம்மாவின் காது. இதைவிட என்ன தகுதி வேண்டும்? மனம் ஒப்பவில்லை என்றால் அதற்குள் ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடி எடுக்காமல் ‘சொல்லத் தெரியவில்லை’ என்று விட்டுவிட்டது உங்கள் தப்பு.

அந்தக் காரணம் என்ன என்று எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். சில வாரங்களாக அதுவேதான் மனதில் ஓடுகிறது.

அமெரிக்காவில், கலிபோர்னியாவில், ‘செகண்ட் சைட்’ என்று ஒரு கம்பெனி இருந்தது. விழித்திரை கெட்டுப் பார்வை போனவர்களுக்கு ‘ஆர்கஸ் 2’ என்ற கருவியைச் செய்தார்கள். கண்ணாடியில் ஒரு சிறிய கேமரா. இடுப்பில் ஒரு பெட்டி. கண்ணுக்குள் விழித்திரை மேல் 60 மின்முனைகள் கொண்ட ஒரு தகடு. கேமரா பார்ப்பதைப் பெட்டி கணக்குப் போட்டுத் தகட்டுக்கு அனுப்பும். முழுப் பார்வை வராது, வெளிச்சப் புள்ளிகள்தான். ஆனால் முழு இருட்டில் இருந்தவருக்குக் கதவின் விளிம்பு தெரிவதும் ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு தெரிவதும் சின்ன விஷயமா? 2013-ல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. விலை சுமார் 1,50,000 டாலர். உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள்.

2019-ல் அந்தக் கருவியைக் கைவிட்டார்கள். மூளையில் நேராகப் பொருத்தும் அடுத்த கருவிக்குப் போகிறோம் என்றார்கள். 2020-ல் பணமில்லாமல் பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டார்கள். 2022-ல் ‘ஐட்ரிபிள்ஈ ஸ்பெக்ட்ரம்’ இதழ் விரிவாக எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்கு விஷயம் தெரிந்தது. அப்போது இடுப்புப் பெட்டி உடைந்தால் சரிசெய்ய ஆள் இருக்கவில்லை, மாற்றுப் பெட்டியும் இருக்கவில்லை. ஒரு பார்வையற்றவர் தன் கண்ணுக்கான உதிரி பாகத்தைத் தன்னைப் போன்ற இன்னொருவரிடம் கேட்டு வாங்க வேண்டிய நிலை. தகடு மட்டும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

அவர்களில் யாரும் ஏமாளி இல்லை. கருவி பொய்யும் இல்லை, அதைச் செய்த விஞ்ஞானிகள் நிஜமாகவே உழைத்தவர்கள். கணக்கு ஒத்துவரவில்லை என்று கம்பெனி முடிவெடுத்தது, அவ்வளவுதான். அந்த முடிவு நடக்கும் அறையில் கருவியைச் சுமப்பவருக்கு நாற்காலி கிடையாது.

எங்கள் பக்கம் வீட்டை ஒத்திக்கு எடுப்பார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துக் குடியிருப்போம், காலம் முடிந்தால் தொகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு காலி செய்வோம். வீடு நம்முடையது இல்லை என்று இருவருக்கும் தெரியும், பத்திரத்திலும் எழுதியிருக்கும். இப்போது விற்கிற பொருள்களில் பல ஒத்தியைவிடக் கீழானவை. சொந்தம் என்று சொல்லி முழு விலை வாங்குகிறார்கள், காலி செய்யச் சொல்லும்போது தொகை திரும்புவது அவர்கள் மனசைப் பொறுத்தது. ‘ஹியூமேன்’ என்ற கம்பெனி சட்டையில் குத்திக்கொள்ளும் ஏஐ கருவியை 699 டாலருக்கு விற்று, மாதம் 24 டாலர் சந்தாவும் வாங்கியது. 2025 பிப்ரவரியில் தன் சொத்துகளில் பெரும்பகுதியை எச்.பி.க்கு 116 மில்லியன் டாலருக்கு விற்றுவிட்டு, பத்தே நாளில் கருவிகளை நிறுத்தியது. கடைசி மூன்று மாத அளவில் கருவி அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் பணம் திரும்பியது.

மைக்ரோசாஃப்ட் 2019-ல் தன் மின்நூல் கடையை மூடியபோது, விற்ற புத்தகங்களெல்லாம் வாங்கியவர்களின் திரையிலிருந்து மறைந்தன. விலையைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். என் அலமாரியில் இருக்கும் புத்தகங்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதை யாராவது 25 டாலருக்குக் கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் வளர்ந்தது மாமாவின் ரேடியோ ரிப்பேர் கடையில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், எட்டுக்குப் பத்து அடி. பள்ளி விட்டதும் நேராக அங்கேதான். ஈயம் உருகும் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. அந்தக் கடைக்கு அதிகம் வந்த கோளாறு டயல் நூல் அறுந்தது. குமிழுக்கும் ஸ்டேஷன் காட்டும் முள்ளுக்கும் நடுவில் ஒரு நூல் ஓடும். பெரிய சக்கரம் ஒன்று, குட்டிக் கப்பிகள் மூன்று நான்கு, நூலை விறைப்பாக வைக்க ஒரு ஸ்பிரிங். நூல் அறுந்தால் குமிழ் சும்மா சுற்றும், இருக்கிற ஸ்டேஷன் மட்டும் பாடும். மாமா பின்பக்க அட்டையைக் கழற்றுவார். உள்ளே மடித்து வைத்த காகிதம் இருக்கும். எந்த வால்வு எங்கே, நூல் எந்தக் கப்பியில் எந்தப் பக்கமாக ஏறி எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது வரை கம்பெனிக்காரனே படம் போட்டுக் கொடுத்திருப்பான். ஒரு முனையை மாமா பல்லில் கடித்துக்கொள்வார், சக்கரத்தை நான் பிடித்துக்கொள்வேன். சுற்று தலைகீழானால் முள் எதிர்ப்பக்கம் ஓடும், திரும்ப அவிழ்க்க வேண்டும். முடிந்ததும் ரேடியோ கொண்டுவந்தவரைக் கூப்பிட்டு, ‘இங்க பாருங்க, இப்படித்தான் போகுது. அடுத்த தடவ அறுந்தா உங்க பையனே கட்டலாம்’ என்று காட்டிவிட்டுத்தான் அட்டையை மூடுவார். இரண்டு ரூபாய் வாங்குவார். சொல்லிக்கொடுத்ததால் அவர் பிழைப்பு கெடவில்லை.

அந்தக் காகிதத்தைத்தான் நான் தேடுகிறேன். விற்றவன் நாளைக்கு இல்லாமல் போனாலும் பொருள் ஓடும் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தம்பியிடம் இதைக் கேளுங்கள்: கம்பெனி மூடினால், செயலியை நிறுத்தினால், அம்மாவின் பழைய போனில் அது இனி ஓடாது என்றால், காதில் இருப்பது என்ன ஆகும்? அவன் கெட்டிக்காரப் பையனாகத்தான் இருப்பான், அம்மா மேல் பாசமும் இருக்கிறது. இதற்குப் பதில் சொல்லாமல் பஞ்சாங்கம் என்றால் மட்டும் விடாதீர்கள்.

அம்மாவின் காதை மறந்துவிட்டேன். சாதாரணக் கருவியையும் ஆடியோகிராம், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து எடுக்கும் வரைபடம், பார்த்துக் கம்பெனி சாஃப்ட்வேரில்தான் அமைப்பார்கள். ஆனால் அமைத்தது கருவிக்குள்ளேயே தங்கிவிடும், பட்டன் கருவியிலேயே இருக்கும். கடைக்காரரிடம் போனை அணைத்து வைத்துவிட்டு இரண்டையும் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். போன் இல்லாமலே சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடிந்தால், ஏஐ கருவியே அம்மாவுக்குத் தெளிவாகக் கேட்கிறது என்றால், அதையே வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. அம்மாவையும் கூட்டிப் போங்கள். அந்தச் சின்ன பேட்டரிக் கதவை அவர் விரலாலேயே திறந்து மூட முடிகிறதா என்று பாருங்கள். பேட்டரியின் அளவை எண்ணால் சொல்வார்கள்: 13 என்றால் ஆரஞ்சு ஒட்டுத்தாள், 312 என்றால் பழுப்பு. 13 கொஞ்சம் பெரியது, வயதானவர் விரலுக்கு அடங்கும். தாளை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டு அப்புறம் கதவை மூடச் சொல்லுங்கள்.