மோட்டரைக் கழற்ற முன் காற்றைப் பாருங்கள்: கேள்வி பதில்

வீட்டுத் தண்ணீர் மோட்டர், பிரஷர் டேங்க் பிரச்சினை உள்ளவர்கள் கேட்கலாம் என்று நேற்றுச் சொல்லியிருந்தேன். திருகோணமலையின் நாலு பக்கத்திலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. கிணற்றிலிருந்து பைப் வரைக்கும் உள்ளது என் வேலை. அதைத் தாண்டியதை உரியவர்களிடம் தள்ளிவிடுவேன். எதைத் தொடுவதானாலும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத் தொடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபிக்க வேண்டாம்.

நிலாவெளி: அண்ணன், பைப்பைத் திறந்தால் மோட்டர் 'டிக்' என்று ஓடி இரண்டு மூன்று செக்கனில் நிற்கிறது, உடனே திரும்பவும் ஓடுகிறது. தண்ணீரும் விட்டு விட்டு வருகிறது. வந்து பார்த்த மோட்டர் திருத்தும் பாஸ், மோட்டர் போய்விட்டது, புதிது போடுங்கள் என்கிறார்.

தங்கச்சி, காசை எடுத்து வெளியே வைக்க வேண்டாம். மோட்டர் நல்ல பலமாக இருப்பதால்தான் இரண்டு செக்கனில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு நிற்கிறது. கோளாறு அநேகமாக டேங்கில்.

அந்த உருண்டை டேங்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. தண்ணீர் பைக்குள்ளே, காற்று பைக்கு வெளியே. மோட்டர் நின்றிருக்கும் நேரம் தண்ணீரைத் தள்ளித் தருவது அந்தக் காற்றுதான். அழுத்தம் 20 இறாத்தலுக்கு (psi) இறங்கினால் மோட்டரை ஓடவிட்டு 40 இறாத்தலில் நிறுத்தும்படி பிரஷர் சுவிட்ச் இருந்தால், 24 லீட்டர் டேங்க் ஒருமுறைக்கு ஏறக்குறைய 8 லீட்டர் தரும். காற்று இறங்கிப்போனால் அரைக் கோப்பை தண்ணீர் எடுத்தாலே அழுத்தம் விழுந்துவிடும், மோட்டர் ஓடும். அது ஓடி நின்று, ஓடி நின்று கடைசியில் உண்மையாகவே எரிந்துபோகும். அப்போது அந்த பாஸ் சொன்னது சரியாகிவிடும்.

இப்படிப் பாருங்கள். மெயினை இறக்குங்கள். ஆகத் தாழ்வில் உள்ள பைப்பைத் திறந்து, அழுத்தம் காட்டும் கேஜின் முள் பூச்சியத்துக்கு வரும்வரை தண்ணீரை விடுங்கள். பைப் திறந்தபடியே இருக்கட்டும். டேங்கின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், அதைத் திருகிக் கழற்றினால் உள்ளே மோட்டார் சைக்கிள் டியூபில் உள்ள மாதிரியே ஒரு வால்வு. நடுவில் உள்ள ஊசியை ஒரு சின்ன ஆணியால் அமத்துங்கள். தண்ணீர் பீறினால் ரப்பர் கிழிந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லையென்றால் காற்று இல்லை. 'உஸ்' என்று வந்தால் டயர் கேஜ் வைத்து அளந்து பாருங்கள். சுவிட்ச் 20-இல் ஓடுவதானால் காற்று 18 இருக்க வேண்டும், அதாவது ஓடும் அளவைவிட 2 இறாத்தல் குறைவு. குறைந்தால் காற்றடிக்கும் பம்பால் அடியுங்கள். தண்ணீரை விடாமல் அளந்தால் கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தை. பத்துப் பேரில் ஒன்பது பேர் சறுக்குவது இதிலேதான்.

ரப்பர் கிழிந்திருந்தால் ரப்பரை மட்டும் மாற்றலாம். பழையதைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் வாயின் அகலத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். ஆனால் நீங்கள் கடற்கரையில் இருக்கிறீர்கள். டேங்கின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். பெயின்ற் கொப்பளித்து, விரலில் கறள் ஒட்டினால் அதற்குக் காற்றடிக்கக் கூடாது, டேங்கையே மாற்றுங்கள்.

உப்புவெளி: எனக்கு எதிர்ப் பிரச்சினை. மோட்டர் நிற்பதே இல்லை.

டேங்குக்கும் வீட்டுக்கும் இடையில் உள்ள கேட் வால்வை மூடிவிட்டு கேஜைப் பாருங்கள். முள் 40-க்கு ஏறி மோட்டர் நின்றால், வீட்டுக்குள் எங்கோ தண்ணீர் போகிறது. 40-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள்: சுவிட்சுக்குப் போகும் சின்ன ஓட்டை கறளால் அடைபட்டிருக்கும், கழற்றி ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். முள் 30-இல் வந்து தவம் இருந்தால் மோட்டரால் முடியவில்லை. ஒரு கிளாசில் பைப் தண்ணீரைப் பிடியுங்கள். பால் போல வெளுத்து, மெல்ல மெல்லத் தெளிந்தால் உறிஞ்சு பைப்பில் எங்கோ காற்று இழுக்கிறது. தண்ணீர் தெளிவாகவே வந்தால், கிணற்றுக்குள் உறிஞ்சு பைப்பின் அடியில் உள்ள கால் வால்வின் வலையைப் பாருங்கள், பிறகு மோட்டருக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரை. நிற்காமல் ஓடும் மோட்டரை இரவில் அப்படியே விட்டுவிட்டுத் தூங்காதீர்கள், உள்ளே தண்ணீர் கொதித்து பிவிசி மூட்டு இளகிவிடும்.

பாலையூற்று: இரவு யாரும் பைப் திறக்காத நேரம் மோட்டர் தானாக ஓடுகிறது. அம்மா பயப்படுகிறா.

அதே கேட் வால்வை மூடுங்கள். மூடியும் முள் இறங்கினால் தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பிப் போகிறது, கால் வால்வோ, தண்ணீரைத் திரும்ப விடாத நொன் ரிட்டர்ன் வால்வோ பிடிக்கவில்லை. முள் அசையாவிட்டால் வீட்டில்தான் ஒழுக்கு, முதல் சந்தேகம் கொமட்டுக்குத் தண்ணீர் அடிக்கும் தொட்டி, அதாவது சிஸ்டன். உடுப்புக்குப் போடும் நீலத்தைச் சிஸ்டனில் கொஞ்சம் கரைத்துவிட்டு, தண்ணீர் அடிக்காமல் அரை மணித்தியாலம் பொறுங்கள். கொமட்டுக்குள் நீலம் தெரிந்தால் பேயைப் பிடித்துவிட்டீர்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

தம்பலகாமம்: மோட்டர் டிக் டிக் என்று விட்டு விட்டு ஓடுகிறது, என்ன செய்யலாம்?

நிலாவெளித் தங்கச்சிக்குச் சொன்னதுதான். காற்றைப் பாருங்கள்.

கன்னியா: கச்சான் காலத்தில் கிணற்றுத் தண்ணீர் 35 அடிக்கு இறங்கிவிடுகிறது. மேலே வைத்த அரைக் குதிரைவலு மோட்டர் இழுக்கவில்லை. ஒரு குதிரைவலு போட்டால் இழுக்குமா?

பத்துப் போட்டாலும் இழுக்காது. மோட்டர் பைப்புக்குள் வெறுமையை மட்டும்தான் உண்டாக்கும், தண்ணீரை மேலே தள்ளுவது வெளியே உள்ள காற்றின் பாரம். அந்தப் பாரம் தள்ளக்கூடிய உச்சம் 10.3 மீற்றர், ஏறக்குறைய 34 அடி. அதுவும் கணக்கில் மட்டும். நடைமுறையில் 25 அடியோடு சரி. தண்ணீரில் மூழ்கும் மோட்டர் போடுங்கள், அல்லது இரட்டைப் பைப் ஜெட் மோட்டர்.

இன்னொன்று. மோட்டரைக் கீழே இறக்கினால் வேலை நடக்குமென்று தெரிந்ததும் சிலர் பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடுகிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. எஞ்சின் நின்றுவிட்டதே என்று பார்க்க இறங்குபவர் மயங்குவார், அவரைத் தூக்க இறங்குபவரும் மயங்குவார். ஒரே வீட்டில் இரண்டு பிரேதம் விழுவது இப்படித்தான். எஞ்சின் மேலேயே இருந்தாலும் புகைவாய் கிணற்றுப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது.

கிண்ணியா: நானும் பிளம்பிங் வேலைதான். அண்ணன் சொல்வதெல்லாம் சரி, ஆனால் எங்கட ஊருக்குப் பிரஷர் டேங்கே தேவையில்லை. 15 அடியில் 1000 லீட்டர் தாங்கி வைத்தால் காற்றும் வேண்டாம், ரப்பரும் வேண்டாம், இந்தக் கேள்வி ஒன்றும் வராது.

நானா, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். ஆனால் கணக்குப் போடுங்கள். 15 அடி உயரம் தருவது ஆறரை இறாத்தல். வாளி நிரப்ப, கோப்பை கழுவப் போதும். ஷவரில் நின்றால் தலை நனைந்து முடிய முன் சோப் காய்ந்துவிடும். கீசர் பல வீடுகளில் வேலை செய்யாது. 20 இறாத்தல் வேண்டுமென்றால் 46 அடியில் தாங்கி வைக்க வேண்டும், கோயில் கோபுரம் மாதிரி.

கிண்ணியா: ஷவரில் நிற்கிறவர் கரண்ட் கட் நேரம் எங்கே நிற்பார்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. உங்கட 8 லீட்டரை வைத்துக்கொண்டு எத்தனை பேர் முகம் கழுவுவது?

அது மறுக்க முடியாத கதை. 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு உப மின்நிலையத்தில் பாய்ந்து நாடு முழுக்க இருண்டபோதும் தாங்கி வைத்திருந்த வீடுகள்தான் தப்பின.

அலஸ்தோட்டம்: எங்கள் வீட்டில் இவருக்கும் மாமாவுக்கும் இதே சண்டைதான். தாங்கித் தண்ணீர் மத்தியானம் கொதிக்கிறது என்று மாமா. கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகாமலே வெந்நீர் என்று இவர்.

அக்கா, கறுப்புத் தாங்கிக்கு மேலே கிடுகுப் பந்தல் போடச் சொல்லுங்கள்.

சரி, இரண்டு கட்சிக்கும் சேர்த்து என் தீர்ப்பு. கிணற்று மோட்டர் தாங்கியை நிரப்பட்டும். தாங்கியிலிருந்து இறங்கும் பைப்பில் ஒரு சின்ன மோட்டரும் பிரஷர் டேங்கும் வையுங்கள். அந்த மோட்டருக்குப் பக்கத்தாலே சுற்றுப் பைப் ஒன்று விட்டு, அதில் ஒரு நொன் ரிட்டர்ன் வால்வு. கரண்ட் இருந்தால் ஷவர் பாயும், போனால் தண்ணீர் சுற்றுப் பைப்பால் தானாக இறங்கும். அந்த வால்வு தகடு மடிந்து திறக்கும் வகையாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் வகையைப் போட்டால் இருக்கிற ஆறரை இறாத்தலில் ஒரு பங்கை ஸ்பிரிங்கே தின்றுவிடும்.

கிண்ணியா: ஸ்பிரிங் விஷயம் சரி. ஆனால் இரண்டு மோட்டருக்கும் யார் கரண்ட் பில் கட்டுவது?

சின்ன மோட்டர் குளிக்கும் நேரம் மட்டும்தான் ஓடும், நானா. பில்லைப் பார்த்துவிட்டு வந்து சண்டை பிடியுங்கள்.

குறுக்கே ஒருவர், நேரே நீர் வழங்கல் சபையின் பைப்பில், அதாவது போர்ட் பைப்பில், மோட்டரைப் பூட்டினால் என்ன என்று கேட்டிருக்கிறார். பூட்டக் கூடாது, அதற்கு அனுமதியும் இல்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீரை இழுக்கிறீர்கள், அதோடு நிலத்துக்குள் வெடித்த பைப் வழியாக வாய்க்கால் ஊத்தையையும் இழுக்கிறீர்கள். போர்ட் தண்ணீரை ஒரு நிலத் தாங்கியில் விழவிட்டு, அதிலிருந்து இழுங்கள்.

குச்சவெளி: போன வருடம் பெரிய மோட்டர் போட்டோம். அதற்குப் பிறகு கிணறு உவர்க்கிறது.

மோட்டரும் கிணறும் ஒன்றோடொன்று பேசும் கேள்வி இது. கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு அது உப்பை அமத்தி வைத்திருக்கும். பெரிய மோட்டரால் மளமளவென்று இழுத்து மேல்மட்டத்தைக் கொஞ்சம் இறக்கினாலும் கீழே உப்பு அதைவிடப் பல மடங்கு மேலே ஏறி வரும். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு கிணறு சுத்தம் செய்கிறோம் என்று இறைத்துத் தள்ளியபோது இறைக்க இறைக்க உப்புக் கூடிய கிணறுகள் இருந்தன. சின்ன மோட்டருக்குத் திரும்புங்கள். மெதுவாக, இடைவெளி விட்டு இறைத்துத் தாங்கியில் சேருங்கள். கால் வால்வைத் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்ட உயர்த்துங்கள், ஆனால் காற்று இழுக்காத அளவு மூழ்கியிருக்கட்டும். கிணற்றை ஆழமாக்க வேண்டாம். மீதியை மாரி மழை பார்த்துக்கொள்ளும்.

மூதூர்: மோட்டர் 'ம்ம்ம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை.

மெயினை இறக்கிவிட்டு, பின்பக்க விசிறி மூடியைக் கழற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் உள்ளே கறள். இலகுவாகச் சுற்றினால், மோட்டரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர் பழுது. அதே அளவில் புதிது போடுங்கள். கரண்டை நிறுத்தினாலும் அதற்குள் கரண்ட் தங்கியிருக்கும், கம்பிகளை விரலால் தொடாதீர்கள்.

சீனக்குடா: மோட்டரைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. மச்சான் அதைத் தாண்டி நேரே லைன் கொடுக்கலாம் என்கிறான்.

மச்சானை வயரிலிருந்து தூர வையுங்கள். கரண்ட் கசிந்தால் லைனை வெட்டுவது அந்த ட்ரிப் சுவிட்ச்தான், ஈரக் கையோடு பைப்பைத் திறப்பது உங்கள் பிள்ளைகள். லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தோப்பூர்: எந்தக் கொம்பனி மோட்டர் நல்லது?

திருகோணமலையிலேயே உதிரிப்பாகம் கிடைக்கிற கொம்பனி.

சாம்பல்தீவு: மலக்குழி கிணற்றுக்குக் கிட்ட இருக்கிறது, எத்தனை அடி தள்ள வேண்டும்?

உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை (பி.எச்.ஐ) கேளுங்கள். வந்து பார்த்துச் சொல்வார்.

ஈச்சிலம்பற்று: அண்ணன், மோட்டர் டிக் டிக் என்று...

காற்று, தம்பி. காற்று. நிலாவெளிப் பதிலை முழுதாக வாசியுங்கள்.

சல்லி: காற்று 18 இருக்கிறது, ரப்பரும் நல்லது, வாசித்துவிட்டுத்தான் கேட்கிறேன். சில நாள் மோட்டர் ஓடவே மாட்டேன் என்கிறது, சுவிட்சைத் தட்டினால் ஓடுகிறது.

வாசித்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி. மெயினை இறக்கி, பிரஷர் சுவிட்சின் மூடியைத் திறந்து பாருங்கள். தொடுமுனைகளுக்கு நடுவில் எறும்புகள் நசுங்கிக் கறுத்துக் கிடக்கும். பழைய பல் பிரஷால் தட்டி, முனைகளை ஒரு கடதாசியால் உரசுங்கள். முனை உருகிக் குழி விழுந்திருந்தால் சுவிட்சை மாற்றுங்கள், டேங்கை விட மலிவு. வயர் நுழையும் ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்துவிடுங்கள், எறும்பு வருவது அந்த வழியால்தான்.