மண் சுவரா, கான்கிரீட்டா? கழிமுக ஊரில் வலைக்கூடம் கட்டும் முன்

கேள்வி: எங்கள் ஊர் மீஞ்சூருக்குக் கிழக்கே, கொசஸ்தலை ஆற்றின் கழியை ஒட்டி இருக்கிறது. வலை பின்ன, இறால் தரம் பிரிக்க, சாயங்காலம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு பொதுக்கூடம் வேண்டும் என்று மகளிர் குழுவும் ஊர் நிர்வாகிகளும் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறோம். பழைய கீற்றுக் கொட்டகை புயலில் போய்விட்டது. இன்ஜினியர் ஒருவர் கான்கிரீட் கூரைத் தளத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தார். கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் வந்து, "மண் கட்டடம்தான் சுற்றுச்சூழலுக்கு நல்லது, நாமே சேர்ந்து கட்டலாம்" என்கிறார்கள். பெரியவர்களோ "வெள்ளம் வந்தால் மண் கரைந்துவிடும்" என்கிறார்கள். எது சரி? ஊரே சேர்ந்து கட்டுவது நடக்கிற காரியமா?

பதில்: உங்கள் இடத்தைப் பொறுத்தவரை பெரியவர்கள் சொல்வதுதான் சரி. அதற்காக கான்கிரீட் தளமே போட்டுவிடலாம் என்று ஆகிவிடாது. இரண்டு பேச்சிலும் ஒரு கேள்வி விட்டுப்போயிருக்கிறது: கட்டியபின் இதைப் பழுது பார்க்கப் போவது யார்? புயல் அடித்த மறுநாள் காலையில், வெளியாளுக்குக் காத்திராமல், உங்கள் ஊர் ஆட்களே ஏணி போட்டு ஏறிச் சரிசெய்யக்கூடிய கட்டடமாக அது இருக்க வேண்டும். பொருளையும் வடிவத்தையும் இதை வைத்தே முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் கருத்து.

முதலில் மண்ணைப் பார்ப்போம். மண் கட்டடத்தின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டுமான நிறுவனம், செம்மண்ணோடு சுமார் 5 சதவீதம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய கற்களால் மாடிக் கட்டடங்களே கட்டிக் காட்டியிருக்கிறது. ஆனால் அது அவர்கள் காலடியில் கிடைக்கும் செம்மண். கழியோரத்து மண்ணில் உப்பு ஏறியிருக்கும், களியும் அதிகம். நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும், சுவரில் உப்புப் பூத்து மேற்பூச்சைத் தள்ளிவிடும். நல்ல செம்மண் வேண்டுமென்றால் செங்குன்றம் பக்கமிருந்து லாரியில் வர வேண்டும். இன்னொரு ஊரின் நிலத்தைத் தோண்டி, டீசல் எரித்துக் கொண்டுவந்து, வெள்ளம் நிற்கும் இடத்தில் மண் சுவர் எழுப்புவதில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்? மாணவர்களின் எண்ணம் நல்லது. அந்தந்த இடத்தில் கிடைப்பதைக் கொண்டு கட்டு என்ற பாடத்தைத்தான் அவர்கள் உங்கள் ஊருக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

அடுத்து கான்கிரீட். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது 1960களின் கடைசியிலேயே பதிவான விஷயம். உங்கள் ஊர் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. உப்புத் தண்ணீரில் கலந்தால், அதே தண்ணீரை ஊற்றி நனைத்தால், கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து வீங்கும். சில வருடங்களில் தளத்தின் அடிப்பக்கம் பெயர்ந்து விழும். கடற்கரைச் சூழலுக்குக் கம்பியின் மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட வேண்டும், கலவை எம்30 என்ற வலிமைத் தரமாவது இருக்க வேண்டும் என்பதும் அதே தரநிலைதான். எஸ்டிமேட் கொடுத்த இன்ஜினியரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கம்பிக்கு அடியில் இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் எத்தனை மில்லிமீட்டர், கலவை என்ன தரம். பதில் தயாராக இல்லையென்றால் அந்த எஸ்டிமேட்டை ஒதுக்கி வையுங்கள். பதில் சரியாகவே இருந்தாலும், துருப்பிடித்த தளத்தை உங்கள் ஊரில் யாராலும் சரிசெய்ய முடியாது. என் தயக்கம் அங்கேதான்.

சரி, வேறு எப்படிக் கட்டலாம்?

தரைமட்டத்திலிருந்து தொடங்குவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழியோரத்துக் குப்பங்களில் புகுந்தது. அந்தக் கறுப்புக் கறை உங்கள் ஊர்ச் சுவரிலோ மரத்திலோ இன்னும் தெரிந்தால், வெள்ளம் எந்த உயரம் வந்தது என்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. கறை இல்லாவிட்டால், தண்ணீர் எதுவரை நின்றது என்று வயதானவர்களிடம் கேட்டு, ஒரு கம்பத்தில் கோடு போடுங்கள். பேஸ்மட்டம், அதாவது கட்டடம் நிற்கும் அடிமேடை, அந்தக் கோட்டுக்கு ஒன்றரை அடி மேலே வர வேண்டும். அதைக் கருங்கல்லில் கட்டுங்கள். உள்ளே நிரப்ப ஆற்று மணலும் வேண்டாம், அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்துச் சாம்பலும் வேண்டாம். அந்தச் சாம்பல் இலவசமாகவே வந்து இறங்கும். அதைக் கழியோரத்தில் கொட்டினால், நீங்கள் இறால் பிடிக்கும் தண்ணீருக்குள்தான் அது கரைந்து போகும்.

சுவர் நாலு பக்கமும் தேவையா என்று யோசியுங்கள். வலை பின்ன வெளிச்சமும் காற்றும் வேண்டும். இடுப்பளவுச் சுவர் போதும். அதன் மேலேயே உட்காரலாம். சாமான் வைக்க ஒரே ஓர் அறை மட்டும் பூட்டுப் போடும்படி இருக்கட்டும். சுவர் குறைந்தால் செலவும் குறையும், காற்றின் அழுத்தமும் குறையும். அந்த அறைக்கு ஃப்ளை ஆஷ் செங்கல் வாங்கலாம். குளத்துச் சாம்பலை வேண்டாம் என்றுவிட்டு இதை எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். இது புகைபோக்கிக்கு முன்னால் உலர்ந்த நிலையில் பிடிக்கும் சாம்பல்; சிமெண்டோ, சுண்ணாம்பும் ஜிப்சமுமோ சேர்த்து இறுகவைத்த கல். சாம்பலால் இத்தனை காலம் அவதிப்பட்ட உங்கள் ஊர் "அந்தக் கல்லே வேண்டாம்" என்று சொன்னால் அது நியாயமான முடிவுதான். சூளைச் செங்கலுக்குப் போங்கள். ஃப்ளை ஆஷ் கல்லே வாங்குவதாக இருந்தால், ஐந்தாறு கல்லை எடைபோட்டு 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடைபோடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையைப் பற்றி மாணவர்கள் சொல்லியிருப்பார்கள். கல்லைப் படுக்கப் போடாமல் பக்கவிளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது. கால்வாசிக் கல் மிச்சமாகும், உள்ளே வெக்கையும் குறையும். ஆனால் உங்கள் ஊரில் ஜன்னல் மட்டம் வரை வெற்றிடம் இல்லாத கட்டாகவே இருக்கட்டும். வெள்ள நீர் அந்தப் பொந்துக்குள் புகுந்தால் உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதற்கு மேலே எலிப்பொறிக் கட்டு வைக்கலாம்.

கூரையில்தான் உங்கள் ஊரின் அறிவு முழுதும் வேலை செய்ய வேண்டும். சென்னைக் கடற்கரைக்குக் கட்டட வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 வர்தா புயலில் தகரம் பறந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தகரம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், புயலில் கத்தி மாதிரி பறக்கும், பகலில் கீழே உட்கார முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேண்டவே வேண்டாம்; அதன் தூசி புற்றுநோய் வரவழைக்கும், பிள்ளைகள் படிக்கிற இடம் வேறு.

நான் சொல்வது மரச்சட்டத்தின் மேல் ஓடு அல்லது கீற்று, நாலு பக்கமும் சரியும் கூரை. இரண்டு பக்கம் மட்டும் சரிந்து, மீதிப் பக்கங்களில் முக்கோணச் சுவர் நிற்கும் கூரையைவிட இது காற்றை நன்றாகத் தாங்கும். சரிவு 30 பாகை அளவில் இருக்கட்டும். தாழ்வாரம் ஒன்றரை அடிக்கு மேல் வெளியே நீளக் கூடாது. நீண்டால் காற்று அதைப் பிடித்துத் தூக்கும். திண்ணைக்கு நிழல் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கூரை போடுங்கள். அது பிய்ந்து போனாலும் பெரிய கூரை நிற்கும்.

மரத்துக்கு பொன்னேரி, மீஞ்சூர்த் தோப்புகளில் சவுக்கு தாராளமாகக் கிடைக்கும். பட்டையை உரித்து, காயவைத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் வண்டு, கரையான் எளிதில் அண்டாது. ஆனால் மழை நேராகப் படும் இடத்தில் அந்த மருந்து கரைந்து போய்விடும், அதனால் கம்பங்கள் கூரைக்குள்ளேயே நிற்க வேண்டும். மண்ணில் நடாதீர்கள். சிறு கான்கிரீட் கட்டையின் மேல் நிறுத்தி, ஜிங்க் முலாம் பூசிய பட்டையால் பிணையுங்கள். வைரம் பாய்ந்த பழைய பனஞ்சட்டம் கிடைத்தால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. உயிரோடு நிற்கும் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும், வெட்டவும் வேண்டாம். பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடங்களில் விசாரியுங்கள்.

கூரைச் சட்டங்களை எப்படிக் கட்டுவது என்று இன்ஜினியர் சொல்வதற்கு முன் உங்கள் ஊர் ஆட்களைப் பேசவிடுங்கள். அலையில் அவிழாத முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள் அவர்கள். கடற்கரை ஊர்களில் கீற்றின் மேல் பழைய வலையைப் போர்த்தி, ஓரங்களில் பாரம் கட்டித் தொங்கவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது உண்மையிலேயே நல்ல பொறியியல். கீற்று தனித்தனியாகப் பிய்வதை அது தடுக்கிறது. இன்ஜினியரின் வேலை, எந்த மூட்டில் எவ்வளவு இழுவிசை வரும் என்று கணக்குப் போட்டு, எங்கே முடிச்சு போதும், எங்கே இரும்புப் பட்டை வேண்டும் என்று சொல்வது.

இப்போது "ஊரே சேர்ந்து" என்ற பகுதிக்கு வருகிறேன். நல்ல நோக்கத்தோடு தொடங்கும் கட்டடங்கள் கெட்டுப்போவதை அதிகம் நான் பார்த்தது இங்கேதான். எகிப்தில் 1940களில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டடக்கலைஞர் குர்ணா என்ற ஊரின் மக்களுக்காக அழகான மண் ஊர் ஒன்றை எழுப்பினார். குவிமாடக் கூரைகள் அவர்களுக்குக் கல்லறையை நினைவூட்டின. அதைவிட முக்கியமாக, பிழைப்பு இருந்த பழைய ஊரை விட்டு வர அவர்களுக்கு மனமில்லை. பெரும்பாலோர் குடிவரவே இல்லை. பொருள் உள்ளூர்ப் பொருள், கலைஞர் பெரிய கலைஞர், ஆனால் அந்த இடத்துக்கு வருகிறோம் என்ற முடிவு மக்களுடையதாக இல்லை.

ஆகவே வரைபடம் போடும் முன் பேச்சு நடக்கட்டும், ஒரே கூட்டமாக இல்லாமல். பொதுக்கூட்டத்தில் நாலைந்து ஆண்கள்தான் பேசுவார்கள். பெண்கள் தனியாக, அவர்களுக்கு ஓய்வான நேரத்தில் உட்காரட்டும். கழியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் பக்கத்தில் இருந்தால், அவர்கள் இடத்துக்கே போய்க் கேளுங்கள். இந்தக் கூடத்தில் அவர்கள் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாமா, அவர்கள் இறாலைத் தரம் பிரிக்கலாமா என்பது அஸ்திவாரம் தோண்டும் முன்பே தீர்மானமாக எழுதப்பட வேண்டும். எழுதாமல் விட்டால் கட்டி முடித்தபின் கதவில் ஒரு பூட்டு வரும், சாவி ஒருவர் வீட்டில் இருக்கும்.

அப்புறம் காகிதத்தை மூடிவைத்துவிட்டு, சுண்ணாம்புப் பொடியால் தரையிலேயே முழு அளவில் கோடு போடுங்கள். உங்களிடம் இருப்பதிலேயே நீளமான வலையைக் கொண்டுவந்து விரியுங்கள். நாலு பேர் உட்கார்ந்து பின்னட்டும், இரண்டு பேர் இறால் கூடையோடு குறுக்கே நடக்கட்டும். எங்கே இடிக்கிறது என்று அப்போதே தெரியும். காலையில் ஒருமுறை, மதியம் கடற்காற்று எழும்பியபின் ஒருமுறை வந்து பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் கோட்டைக் காலால் அழித்து மறுபடி போடலாம். செலவு ஒரு கிலோ சுண்ணாம்பு.

கூலி விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். "ஊர்ப் பங்களிப்பு" என்ற பெயரில் பெண்கள் இலவசமாகக் கல் சுமப்பதும், கொத்தனார் மட்டும் கூலி வாங்கிப்போவதும் பங்கேற்பு ஆகாது. தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஒரு நாள் இலவச வேலை என்பது ஒரு நாள் அரிசி. வேலைக்கு வருகிற எல்லாருக்கும் கூலி கொடுங்கள். விட்டுக்கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கட்டும். அதை நோட்டில் பணமாகவே வரவு வையுங்கள். மேஸ்திரியிடம் பேசும்போதே, குழுவிலிருந்து மூன்று பெண்களுக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லித்தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். சித்தாளாக வந்தவர் சித்தாளாகவே திரும்பினால், அடுத்த வருடம் சுவர் விரிசல் விடும்போது மறுபடி மேஸ்திரியைத் தேட வேண்டியதுதான். வரவு செலவை வாரம் ஒருமுறை கோயில் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிப் போடுங்கள்.

காகித வேலையும் இருக்கிறது. அலை ஏறி இறங்கும் கழியோரமும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வரும். மீன் உலர்த்தும் களம், ஏலக்கூடம், வலை பின்னும் இடம் போன்ற உள்ளூர் மீனவர் வசதிகளுக்கு அந்த விதியிலேயே இடம் உண்டு. அலையாத்திச் செடிகள் நிற்கும் இடமென்றால் வேறு இடம் பாருங்கள். அங்கே விதி மிகக் கடுமை, செடிகளும் உங்களுக்குத் தேவை. கிராம சபையில் தீர்மானம் போட்டு, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதை வருவாய்த்துறைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு நிதி கேட்பதாக இருந்தால், எஸ்டிமேட் பொதுப்பணித்துறை விலைப்பட்டியலை ஒட்டித்தான் போடுவார்கள். அதில் சவுக்குக் கூரை எளிதில் நுழையாது. பேஸ்மட்டத்தையும் அறையையும் அரசு நிதியில், கூரையைக் குழுவின் பணத்தில் என்று பிரித்துக் கேட்க முடியுமா என்று வட்டார வளர்ச்சி அலுவலரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக ஒரு வேலை. கட்டப்போகும் இடத்தில் இரண்டு மூலையில் ஐந்தடிக் குழி தோண்டுங்கள். எத்தனை அடியில் மண் நிறம் மாறுகிறது, எத்தனை அடியில் தண்ணீர் ஊறுகிறது, அந்தத் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதைக் குறித்து அனுப்புங்கள். அஸ்திவாரம் எவ்வளவு அகலம் வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.