வாசகர் கேள்வி: இரு பெயர், ஒரு சபை

கேள்வி: நண்பர் தம் ஆலயத்தின் அறுப்பின் பண்டிகைக்கு அழைத்திருக்கிறார். அவர் தம்மைச் சி.எஸ்.ஐ. என்கிறார், அவருடைய தாத்தாவோ ஆங்கிலிக்கன் என்கிறார். எது சரி? இந்துவான நான் நற்கருணை பெறலாமா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இரண்டுமே சரி. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபையினர் (இங்கிலாந்துத் திருச்சபை மரபினர்), மெதடிஸ்டு சபையினருடனும், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் முன்பே சேர்ந்து அமைத்திருந்த சபையுடனும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) ஆயினர். ஆயினும் குருவானவரின் வெள்ளை அங்கி, அச்சிட்ட ஆராதனை முறை, முழந்தாளிட்டு நற்கருணை (இயேசுவின் நினைவாகத் தரப்படும் அப்பமும் திராட்சை ரசமும்) பெறுதல் ஆகிய பழைய வழக்கங்கள் பல ஆலயங்களில் நீடிக்கின்றன. நற்கருணை திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு உரியது; தாங்கள் இருக்கையிலேயே அமர்ந்திருக்கலாம், எவரும் தவறாக எண்ணமாட்டார்கள். ஆராதனைக்குப் பின், சபையார் காணிக்கையாகப் படைத்த வாழைத்தாரும் பூசணியும் ஏலத்துக்கு வரும்போது (என்னைக் கேட்டால், சபையார் ஒருவரையொருவர் எவ்வளவு உரிமையோடு சீண்டுவார்கள் என்பதை அங்கேதான் காணலாம்) கிடைக்கும் தொகை ஆலயத்துக்கே சேர்வதால், ஒரு தேங்காய்கூடச் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகலாம். சற்றுப் பணத்தோடு செல்லுங்கள்.