பாட்டி ஏன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்?

கேள்வி: இஸ்ரேலில் ஒரு வீட்டில் தங்கி, 84 வயதுப் பாட்டியைக் கவனித்துக்கொள்கிறேன். போன வருடம் அவர்களுடைய புத்தாண்டுக்கு முந்தின நாள், என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். விழித்துக்கொண்டு நின்றேன். புத்தாண்டுக்கும் மன்னிப்புக்கும் என்ன சம்பந்தம்? இந்த முறை கேட்டால் என்ன சொல்லட்டும்?

பதில்: யூதர்களின் புத்தாண்டான ரோஷ் ஹஷானா கணக்குப் பார்க்கும் நாள். கடவுள் அரசராக அமர்ந்து அவரவர் வருடத்தைப் புரட்டிப் பார்க்கிறார். அன்று எழுதும் தீர்ப்புக்கு, யூத நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 10ஆம் நாளான யோம் கிப்பூரில், அதாவது பாவநிவிர்த்தி நாளில், முத்திரை விழுகிறது என்பது யூதர்களின் நம்பிக்கை.

பாட்டி உங்களிடம் வந்ததற்குக் காரணம் வேறு. கடவுளுக்குச் செய்த பிழையை யோம் கிப்பூர் தீர்க்கும். சக மனிதருக்குச் செய்ததை, அவரைச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காது என்கிறது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. ஜெபக்கூடத்தில் நாள் முழுக்க நின்றாலும் சரி, உங்களிடம் பட்ட கடனை உங்களிடம்தான் தீர்க்க வேண்டும்.

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்ல பாட்டி" என்று நம் வழக்கப்படி தட்டிவிடாதீர்கள். பாவம், அவர் கேட்ட பதில் கிடைக்காமலே போய்விடும். "சலஹ்தி" என்று சொல்லுங்கள். எபிரேயத்தில் "மன்னித்தேன்" என்று பொருள். உண்மையிலேயே மனத்தாங்கல் இருந்தால் அதையும் அப்போதே சொல்லலாம். பாக்கிப் பணத்தைக் கொடுத்த பிறகும் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே யூத சட்ட அறிஞர் மைமோனிடீஸ் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே, சம்பளப் பாக்கியை வைத்துக்கொண்டு மன்னிப்பு மட்டும் கேட்டால் கணக்கு நேராகாது.

பாட்டியை ஜெபக்கூடத்துக்குக் கூட்டிப்போனால் ஷோஃபாரைக் கவனித்துக் கேளுங்கள். ஆட்டுக்கடாவின் கொம்பு அது. தமிழ் பைபிளில் எக்காளம். முதலில் நீளமாக ஒரே ஊதல். அப்புறம் பெருமூச்சு போல மூன்று. அதன்பின் விம்மி விம்மி ஒன்பது. மனிதர் அழுகிற ஓசைதான் இது என்று தல்முத் அறிஞர்கள், அதாவது மிஷ்னாவை விவாதித்த பழைய யூத அறிஞர்கள், விளக்கினார்கள். பொதுவாக ஒரு நாளில் 100 முறை ஊதுவார்கள். பண்டிகை இரண்டு நாள். 2026இல் முதல் நாள், செப்டம்பர் 12, சனிக்கிழமை. ஓய்வுநாள் என்பதால் ஆசாரமான ஜெபக்கூடங்களில் அன்று ஊத மாட்டார்கள்; ஞாயிறு போங்கள்.

வாழ்த்த "ஷானா தோவா" போதும். ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தருவார்கள், வருடம் இனிக்கட்டும் என்று. பதிலுக்கு நீங்கள் கேசரி கிண்ட வேண்டாம், யூதர்களின் உணவு விதிகளான கோஷர் குறுக்கே வரும். மாதுளை வாங்கிக் கொடுங்கள், பண்டிகைக்கு உரிய பழம்.

இன்னொன்று. பாட்டி ஆசாரமானவர் என்றால், வெள்ளி மாலை மெழுகுவத்தி ஏற்றி ஓய்வுநாள் தொடங்கிய பிறகு, லைட் போடுவது விலக்கு என்பதால், உங்களிடம் போடச் சொல்லி நேராகக் கேட்க மாட்டார். "இங்கே இருட்டாக இருக்கிறதே" என்பார். நீங்களே புரிந்துகொண்டு சுவிட்சைத் தட்டுங்கள்.