மழை வந்தால் ஆதரவாளருக்கு விடுமுறையா?

கேள்வி: வரும் ஞாயிறு எங்கள் ஊரில் வானவில் பேரணி. நான் தன்பாலீர்ப்பாளர் இல்லை, திருநரும் இல்லை. அவர்களை ஆதரிப்பவள், அவ்வளவுதான். அன்று முழுக்க மழை என்கிறார்கள். நான் ஒருத்தி போகாவிட்டால் என்ன குறைந்துவிடும்? வீட்டிலிருந்தே ஆதரவு தெரிவித்தால் போதாதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: குறையும். ஒரு ஆள் குறையும். மழை நாளில் அது பெரிய குறை.

பேரணிக்கு வருகிறவர்களில் பலர் வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள். ஆயிரம் பேர் நடக்கும்போது அவர்களும் பயமில்லாமல் நடப்பார்கள். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று யாராலும் கணக்கெடுக்க முடியாது. அதே தெருவில் முப்பது நாற்பது பேர் மட்டும் நனைந்தபடி போனால், கடை வாசலில் ஒதுங்கி நிற்பவர் ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்க்கலாம், செல்போனில் படமும் எடுக்கலாம். கூட்டம் மெலிந்தால் முதல் ஆபத்து இவர்களுக்குத்தான். நீங்கள் பக்கத்தில் நடந்தாலே போதும், அது அவர்களுக்கு ஒரு மறைப்பு. வீட்டிலிருந்து போடும் லைக் அந்த வேலையைச் செய்யாது.

ஒரு ஆளால் என்ன ஆகும் என்கிறீர்கள். 1999 ஜூலை 2 அன்று, நல்ல மழைக்காலத்தில், கொல்கத்தாவில் நடந்த நட்பு நடையில் கலந்துகொண்டவர்கள் 15 பேர். இந்தியாவின் முதல் வானவில் பேரணியாக இன்று நினைவுகூரப்படுவது அதுதான். தன்பால் உறவைக் குற்றமாக்கிய, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அப்போது உயிரோடு இருந்தது. வயதுவந்தவர்கள் மனமொத்துத் தன்பால் உறவு கொள்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 செப்டம்பர் 6 அன்று. நடுவில் 19 வருடங்கள். அந்த 15 பேரும் அன்று ‘நான் ஒருத்தன் போகாவிட்டால் என்ன’ என்று நினைத்திருந்தால்?

உங்களைப் போன்ற ஆதரவாளர் ஒருவரின் கதையும் இருக்கிறது. நியூயார்க்கில் ஜீன் மேன்ஃபோர்டு என்று ஒரு பள்ளி ஆசிரியை. அவருடைய மகன் மார்ட்டி தன்பாலீர்ப்பாளர். 1972 ஏப்ரலில் ஒரு போராட்டத்தில் மார்ட்டியை அடித்தார்கள், போலீஸ் தலையிடவில்லை. அந்த ஜூன் மாதப் பேரணியில், பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு ஆதரவாக ஒன்றுசேருங்கள் என்று எழுதிய அட்டையோடு மகன் பக்கத்தில் நடந்தார் அந்த அம்மா. வழியெல்லாம் இளைஞர்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள், எங்கள் அப்பா அம்மாவிடம் பேசுவீர்களா என்று கேட்டார்கள். அடுத்த வருடமே பெற்றோர் கூடும் அமைப்பு ஒன்று தொடங்கியது. இன்று பிஃப்ளாக் என்ற பெயரில் அது வளர்ந்து நிற்கிறது.

‘அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மழை வந்தால் வீட்டில் இருந்துவிடலாம் என்ற வசதி உங்களுக்கு இருக்கிறது. தன் அடையாளத்துக்காக வீட்டை விட்டே துரத்தப்பட்ட ஒரு திருநங்கைக்கு அந்த வசதி இல்லை. அந்த வசதியை ஒரு ஞாயிறு மதியம் விட்டுக்கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். காய்ச்சல் என்றால் போக வேண்டாம். இடி மின்னல் என்றால் எல்லோரோடும் சேர்ந்து கட்டடத்துக்குள் போய்விடுங்கள், அதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. வெறும் மழை என்றால் கிளம்புங்கள்.

சரி, போவதென்றால் ரெயின்கோட் போட்டுக்கொண்டு போங்கள். நெருக்கமாக நடக்கும்போது குடைக்கம்பி பக்கத்தில் வருபவரின் கண்ணைக் குத்தும். பின்னால் வருகிறவர்களின் பதாகையையும் மறைக்கும். குடை கொண்டுபோனால் சக்கர நாற்காலியில் வருபவருக்குப் பிடியுங்கள், இல்லை மேளம் அடிப்பவருக்குப் பிடியுங்கள்: தோல் நனைந்தால் ஓசை செத்துவிடும். மார்க்கரில் எழுதிய அட்டை பத்து நிமிடத்தில் கரைந்து ஒழுகும், மேலே பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிவிடுங்கள். முன்வரிசையும் மைக்கும் உங்களுக்கு வேண்டாம். வேடிக்கை பார்க்கிறவர்கள் நிற்கும் ஓரமாக நடங்கள், கத்துகிற ஆள் இருந்தால் அவருக்கும் பேரணிக்கும் நடுவில் நீங்கள் இருப்பீர்கள். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நிருபர் யாராவது கேட்டால் ‘நான் அப்படியில்லை, சும்மா ஆதரவுக்கு வந்தேன்’ என்று அவசரமாக விலகிக்கொள்ளவும் வேண்டாம். அந்த ஒரு வார்த்தை பக்கத்தில் நடப்பவருக்கு எப்படி வலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பேரணி கலைந்த உடனே கிளம்பிவிடாதீர்கள். கேலிக்கும் சீண்டலுக்கும் ஆளாகிறவர்கள் பெரும்பாலும் தனியாகத் திரும்புகிறவர்கள்தான், அதுவும் முகத்தில் வண்ணத்தோடு. பஸ் நிறுத்தம் வரை கூடப் போகட்டுமா என்று கேளுங்கள். வீட்டுக்குள் நுழையும்முன் அந்த வண்ணத்தைத் துடைத்தே ஆக வேண்டியவர்களும் அங்கே இருப்பார்கள். நனையாமல் பைக்குள் சுற்றி, துண்டு இரண்டு மூன்று எடுத்துப் போங்கள்.