பழைய படகுக்குப் புதுப் பெயின்ட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய ஃபைபர் மோட்டார் படகு ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வெகுகாலம் திறந்தவெளியில் கிடந்தது. நிறம் மங்கியிருக்கிறது, அங்கங்கே கீறல், அவ்வளவுதான். முதலில் பெயின்ட் அடித்துவிட்டு அப்புறம் எஞ்சினைப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். வீட்டிலேயே செய்ய முடியுமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஆனால் பெயின்டை இப்போது வாங்க வேண்டாம். பழைய ஃபைபர் படகுகள் பலவற்றில் எஞ்சின் தொங்கும் பின்பலகையும், தரைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குசட்டங்களும் உள்ளே மரம்தான். ஃபைபர் அதன்மேல் போர்த்திய தோல். எஞ்சின் போல்ட்டுக்கும், நீர் வடிவதற்கும் போட்ட துளைகள் வழியே உள்ளே கசிந்த தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. மரம் உளுத்துக்கொண்டே போகும், வெளித்தோல் ஒன்றும் காட்டிக்கொடுக்காது.

அதனால் முதலில் தட்டிப் பாருங்கள். சின்ன பிளாஸ்டிக் சுத்தியல் போதும். நல்ல மரம் 'டக்'கென்று கணீரெனக் கேட்கும். உளுத்தது 'தொப்'பென்று மந்தமாகக் கேட்கும். சத்தம் மாறும் இடத்தில், படகின் உட்புறமிருந்து, வெளித்தோலைத் தொடாமல் ஒரு சின்னத் துளை போடுங்கள். வருகிற தூளை விரலால் தேய்த்துப் பாருங்கள். வெளிறி, உலர்ந்து உதிர்ந்தால் நிம்மதி. கறுத்து, ஈரமாகப் புளித்த வாடையோடு டிரில்லில் ஒட்டிக்கொண்டு வந்தால், உள்தோலை வெட்டி மரத்தை மாற்றியே ஆக வேண்டும்.

வெட்டுவதற்கு முன் படகின் அடிக்கு நீளம் முழுக்க முட்டுக் கொடுங்கள். சட்டங்கள்தான் அடிப்பாகத்தின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. முட்டு இல்லாமல் அவற்றைப் பிடுங்கினால் அடி தொய்ந்துவிடும். புதுச் சட்டமும் அந்தத் தொய்வோடேயே ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட படகு வேகமெடுக்கும்போது சொன்னபடி கேட்காது. ஒன்றை மாற்றி முடித்த பிறகே அடுத்ததை எடுப்பது பாதுகாப்பு. ஃபைபர் என்பது கண்ணாடி இழைதான். அதைத் தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், முகமூடி இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

ஒட்டுவதற்கு எபாக்ஸியைப் பரிந்துரைப்பேன்; இரண்டு பொருள்களைக் கலந்தால் இறுகும் பசை அது. சீக்கிரம் இறுகட்டும் என்று அதை இறுக வைக்கும் பாகமான ஹார்டனரைக் கூட்டி ஊற்றாதீர்கள். விகிதம் பிசகிய எபாக்ஸி கடைசிவரை சரியாக இறுகாது. கலந்ததை ஆழமான டப்பாவிலும் விட்டுவைக்க வேண்டாம், தானே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். அகலமான தட்டில் பரப்பிக்கொள்ளுங்கள்.

போல்ட் துளைகளில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, அதை எபாக்ஸியால் முழுக்க நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இனி தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. இதைச் செய்யாவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண்தான்.

எஞ்சினில் வேறு எதற்கும் முன்னால் எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரையும் (தண்ணீரைத் தள்ளும் சின்னச் சக்கரம்) பெட்ரோல் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். தண்ணீர் கொடுக்காமல் ஒரு கணம்கூட ஓட்டிப் பார்க்க வேண்டாம், ரப்பர் கருகிவிடும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும், ஒரு தீப்பொறி போதும்.

பின்பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரு மூலையில் மட்டும் சத்தம் மாறுகிறதா, அகலம் முழுக்கவா என்பதையும் சொல்லுங்கள். எவ்வளவு வெட்ட வேண்டும் என்பது அதைப் பொறுத்தது.