ஒரே தெரு, ரெண்டு சுதந்திரம்

கேள்வி: வட அயர்லாந்துல ஊர்வலம் போறது எங்க உரிமைன்னு ஒரு தரப்பு, எங்க தெரு வழியா வரக்கூடாதுங்கறது எங்க உரிமைன்னு இன்னொரு தரப்பு. யார் பக்கம் சார் நியாயம்?

பதில்: 1690ல பாய்ன் ஆத்தங்கரைல புராட்டஸ்டன்ட் ராஜா வில்லியம், கத்தோலிக்க ராஜா ஜேம்ஸை தோக்கடிச்சார், அதை ஆரஞ்சு சங்கம்ங்கற புராட்டஸ்டன்ட் அமைப்புக்காரங்க இன்னிக்கும் ஜூலை 12ல ட்ரம் அடிச்சு ஊர்வலம் போய் கொண்டாடறாங்க, அவங்களுக்கு அது மத சுதந்திரம் கெடச்ச நாள். போர்ட்டடவுன் ஊர்ல கார்வாகி ரோட்டு கத்தோலிக்கர்களுக்கோ அந்த சங்கத்து ஊர்வலம், நீங்க தோத்தவங்கன்னு வருஷா வருஷம் வாசல்ல வந்து சொல்லிட்டுப் போற மாதிரி. கலவரம் மேல கலவரமாகி கடைசில 1998ல ஊர்வலக் கமிஷன் அந்த ரோட்டு வழியா போகக்கூடாதுன்னு சொல்லிடுச்சு. எனக்கு அது சரின்னுதான் படுது, ஏன்னா ஊர்வலம் போற உரிமை போகல, வேணாம்ங்கறவங்க வீட்டு முன்னாடிதான் போவோம்ங்கறதுதான் போச்சு. அதுக்காக, தாத்தா நடந்த வழில பேரன் நடக்க முடியலைங்கற வலி பொய்னு நான் சொல்ல மாட்டேன்.

அதே 1998 ஏப்ரல் 10ல போட்ட வட அயர்லாந்து சமாதான ஒப்பந்தத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச வரி ஒண்ணு இருக்கு. அங்க பொறந்தவங்க தன்னை ஐரிஷ்னு சொல்லலாம், பிரிட்டிஷ்னு சொல்லலாம், ரெண்டும்னும் சொல்லலாம், ரெண்டு பாஸ்போர்ட்டும் வச்சுக்கலாம். பிரிட்டனோட இருக்கணுமா, அயர்லாந்தோட சேரணுமான்னு சுமார் 3,500 உயிர் போன சண்டைக்கு அப்புறம், நீ யாருன்னு நீயே சொல்லிக்கோன்னு எழுதறது சின்ன விஷயமா?

ஆனா அங்கயே ஒரு குறையும் இருக்கு. சட்டசபை உறுப்பினர் ஒவ்வொருத்தரும் யூனியனிஸ்ட் (பிரிட்டனோட இருக்கணும்ங்கறவங்க), நேஷனலிஸ்ட் (அயர்லாந்தோட சேரணும்ங்கறவங்க), மற்றவர்னு ஒண்ணுல பதிவு பண்ணணும். முக்கியமான சில தீர்மானத்துக்கு மொத்த ஓட்டு மட்டும் பத்தாது, முதல் ரெண்டு தரப்புலயும் ஆதரவு எவ்வளவுன்னு தனியா எண்ணுவாங்க. 'மற்றவர்' ஓட்டு மொத்தத்துல சேரும், அந்த தனிக்கணக்குல சேராது. 2022 தேர்தல்ல எந்தப் பக்கமும் சேராத அலையன்ஸ் கட்சிக்கு மட்டுமே 90ல 17 சீட். ரெண்டு கூட்டத்துக்கும் உரிமை கேட்டோம், கூட்டமே வேணாம்ங்கறவனை மறந்துட்டோம். இந்த விதியை மாத்தணும்னு அலையன்ஸ்காரங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, நான் அவங்க பக்கம்.